வீடுகளும் விடுதலையும்: கொப்ரிவ்ஷ்டிட்சா நூதனசாலைகள் பற்றிய ஒரு நோக்கு

பல்கேரியாவின் தலைநகரான சோபியாவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தூரத்தில், ஸ்ரெட்னா கோரா மலைத்தொடரின் நடுவே, கடல் மட்டத்துக்கு 1000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் கொப்ரிவ்ஷ்டிட்சா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. டொபொல்னிட்சா ஆறு ஊரை ஊடறுத்து ஓடுகின்றது. அங்கு நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 2000 பேரே. ஆயினும், 1876ஆம் ஆண்டு ஒட்டோமன் பேரரசுக்கு எதிராக நிகழ்ந்த ஏப்ரல் எழுச்சி தொடங்கிய இடம் என்ற வகையில், பல்கேரிய தேசிய வரலாற்றில் அவ்வூருக்கு உள்ள இடம் அதன் பருமனோடு ஒப்பிட முடியாதது. 1952இல் அது நூதனசாலை நகராகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1971இல் கட்டடக்கலைக் காப்பகமாகவும் ஆயிற்று. ஆறு வீடுகள் தனித்தனி நூதனசாலைகளாகப் பேணப்படுகின்றன. ஆறுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச் சீட்டைப் பெறலாம். ஆனால் சில வீடுகள் திங்களன்றும் சில செவ்வாயன்றும் மூடப்படுவதால், நாள் பாராது செல்பவர் ஆறையும் ஒரே நாளிற் பார்த்துவிட முடியாது. தேசிய வரலாறும் வாரவிடுமுறைக்குக் கட்டுப்பட்டதே போலும்.

நூதனசாலை என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. நூதனமானவற்றை, அதாவது முன் காணாத விந்தைப் பொருள்களைக் காட்டும் சாலை என்பதே அதன் நேர்ப்பொருள். பின்னர் வழக்குக்கு வந்த அரும்பொருளகம் என்ற சொல்லும் அரியது எது என்பதை யார் தீர்மானிப்பது என்ற வினாவை எழுப்பாமலே விட்டுவிடுகிறது. கொப்ரிவ்ஷ்டிட்சாவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவை விந்தைப் பொருள்கள் அல்ல. வசித்த வீடுகள், உறங்கிய திண்ணைகள், உடுத்த உடைகள், உணவுண்ட தட்டங்கள் ஆகியனவே அங்குள்ளன. ஆகவே அங்கு காட்சிப்பொருளாவது ஒரு வாழ்க்கை முறை. எவருடைய வாழ்க்கை முறை என்பதே இக்கட்டுரை எழுப்ப விழையும் முதல் வினா. அவ்வீடுகள் எரியாமல் எஞ்சியது எவ்வாறு என்பது இரண்டாவது. இரண்டாவது வினாவுக்கான விடை முதலாவதன் விடையைப் பெரிதும் சிக்கலாக்குகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இவ்வூரின் செல்வம் ஆட்டுமயிரிலிருந்து வந்தது. மலைச்சாரலில் பயிர்ச்செய்கைக்கு ஏற்ற நிலம் குறைவு. மேய்ச்சல் நிலம் மிகுதி. எனவே ஊரார் மந்தை வளர்ப்பவர்களாகவும், மந்தை வணிகர்களாகவும், ‘அபா’ எனப்படும் முரட்டுக் கம்பளித் துணியை நெய்து தைத்து விற்பவர்களாகவும் வளர்ச்சி பெற்றனர். கொன்ஸ்தாந்திநோபிளுக்கு இறைச்சிக்கான ஆடுகளை வழங்கும் பொறுப்பையேற்ற வணிகர்கள் ‘ஜெலெப்’ எனப்பட்டனர். சுல்தானுக்குரிய ஆட்டு வரியைக் குத்தகைக்கு எடுத்து ஊர் ஊராகச் சென்று வசூலித்தவர்கள் ‘பெக்லிக்சி’ எனப்பட்டனர். இவ்விரு தொழில்களும் கொப்ரிவ்ஷ்டிட்சாவின் பெருங்குடும்பங்கள் பலவற்றுக்கு அடித்தளமாக இருந்தன. அபாத் துணியும் காலுறையும் வெண்ணெயும் பாற்கட்டியும் சின்னாசியாவுக்கும் எகிப்துக்கும் சென்றன. அலெக்சாந்திரியாவிலும் கெய்ரோவிலும் இம்மலையூர் வணிகர் கடைகள் வைத்திருந்தனர். 1793, 1804, 1809 ஆகிய ஆண்டுகளில் கிர்ஜாலிக் கொள்ளைக் கூட்டத்தார் ஊரைச் சூறையாடித் தீயிட்டபோதும், ஒவ்வொரு முறையும் ஊர் மீண்டெழுந்ததற்குக் காரணம் அதன் மூலதனம் ஊருக்கு வெளியேயும் இருந்தமையே எனலாம்.

இப்பின்னணியில், 1853க்கும் 1856க்கும் இடையிற் கட்டப்பட்ட ஒஸ்லெகொவ் வீட்டைச் சற்று விரிவாக நோக்குவது தகும். கொப்ரிவ்ஷ்டிட்சா வீடுகள் தெருவுக்கு முகங் காட்டுவதில்லை. உயர்ந்த கல்மதிலும் கனத்த மரக்கதவுமே வழிப்போக்கனுக்குத் தெரியும். கொள்ளையருக்கு அஞ்சி எழுந்த மதில் என்பர். வரி வசூலிப்பவனின் வீட்டுக்கு அயலாரிடமிருந்தும் மதில் தேவைப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கதவைக் கடந்து முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போதுதான் வீடு தன்னைக் காட்டுகிறது. லெபனான் நாட்டு மரம் எனக் கூறப்படும் தூண்களின் மீது வளைவுகள் எழுந்து மேல்மாடியைத் தாங்குகின்றன. முகப்புச் சுவரில் மேனாட்டு நகரக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஓவியங்கள் சமொக்கொவ் நகரிலிருந்து அழைக்கப்பட்ட கொஸ்தா சோக்ராப் என்னும் கலைஞரின் கைவண்ணம். தேவாலயத் திருவுருவங்களைத் தீட்டும் மரபில் பயின்ற கைகள் இங்கு வணிகனின் பயண ஆசைகளைத் தீட்டியுள்ளன. சமயக் கலை உலகியற் கலையாக மாறும் கட்டத்தை நூல்களிற் படித்து அறிந்துகொண்டவர்கள், இச்சுவரின் முன் நின்று அதனைக் கண்ணாற் காணலாம்.

வீடு சமச்சீரானது அன்று. காணி ஒடுங்கியதாக இருந்தமையால் ஒரு புறத்து அறைகள் கட்டப்படாமலே விடப்பட்டன. ஆனால் செவ்வறை எனப்படும் அறையில், கட்ட எண்ணிய முழு வீடு சமச்சீர் வடிவில் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. நிலம் மறுத்ததைச் சுவரில் எழுதிக்கொண்ட இச்செயலில் எழுச்சியுறும் வர்க்கமொன்றின் மனப்பாங்கு முழுவதும் அடங்கியுள்ளது எனக் கூறின் மிகையாகாது. தான் எவ்வாறு இருக்கிறேன் என்பதைக் காட்டிலும், எவ்வாறு இருக்க விரும்புகிறேன் என்பதையே அவ்வர்க்கம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது.

அக்காலத்துச் செல்வர் வீடுகளில் சுவரிற் குடையப்பட்டு ஓவியந் தீட்டப்பட்ட மாடங்கள் உண்டு. அவற்றை ‘அலாஃபிராங்கா’ என்பர். பிராங்கியருடைய, அதாவது மேனாட்டாருடைய பாணி என்பது பொருள். எமது வழக்கிலுள்ள ‘பறங்கி’ என்ற சொல்லும் இதே வேரினின்று பிறந்ததே. அச்சொல் எம்மிடையே ஏளனமும் அச்சமும் கலந்த தொனியைப் பெற, ஒட்டோமன் ஆட்சிக்குட்பட்ட பல்கேரிய வணிகனின் வீட்டில் அது நாகரிகத்தின் அடையாளமாயிற்று. ஒரே ஐரோப்பா, அது துப்பாக்கியோடு வந்து சேர்ந்த இடத்தில் ஒரு பொருளையும், கடைச்சரக்காக வந்து சேர்ந்த இடத்தில் வேறொரு பொருளையும் பெற்றது. 1854இல் தொப்பாலொவ் என்பவருக்காகக் கட்டப்பட்டு, 1906இல் எகிப்தில் பால்பொருள் வணிகஞ் செய்த லியூத்தொவ் என்பவரின் கைக்கு மாறிய வீட்டிலும் இம்மேனாட்டு மோகத்தை மேலும் பகட்டான வடிவத்திற் காணலாம். அவ்வீட்டைப் பற்றி இதற்கு மேற் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள், ஆனால் ஒஸ்லெகொவ் வீடு போன்று அது சிந்திக்கத் தூண்டுவதில்லை.

இவ்வீடுகளில் காணாதவை எவை? ஆட்டு மயிரைக் கழுவியவர்கள், நூற்றவர்கள், காலுறை பின்னியவர்கள், மந்தைக்குப் பின்னால் மாதக்கணக்கில் நடந்தவர்கள் ஆகியோரின் உலகம். தறியும் இராட்டையும் இருக்கின்றன. இராட்டை சுற்றிய பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது இல்லை. ஆட்டு வரி கொடுத்த குடியானவனின் கணக்கும் இல்லை. நூதனசாலை என்னும் நிறுவனம் பொருளைப் பேணும். உறவைப் பேணுவது அதற்கு எளிதன்று. முற்போக்கு விமர்சகர்கள் அடிக்கடி கூறும் இக்குறையை நானும் கூறிவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்லலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் கொப்ரிவ்ஷ்டிட்சாவைப் பொறுத்தவரை அத்தகைய விமர்சனத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வூர் மகனொருவர் செய்துவிட்டார்.

லியூபென் கரவெலொவ் (1834–1879) கால்நடை வணிகக் குடும்பத்திற் பிறந்தவர். மொஸ்கோவிற் பயின்று, ருஷ்ய சனநாயகச் சிந்தனையாளரின் பாதிப்புக்கு உட்பட்டு, பின்னர் புக்கரெஸ்ட் நகரிலிருந்து ‘சுதந்திரம்’ எனப் பொருள்படும் பத்திரிகையை நடத்திய புரட்சியாளர். அவருடைய தம்பி பெத்கோ கரவெலொவ் விடுதலைக்குப் பின் பல்கேரியாவின் பிரதமராக இருந்தவர். 1867இல் வெளிவந்த லியூபெனின் ‘பழங்காலத்துப் பல்கேரியர்’ என்னும் நெடுங்கதை கொப்ரிவ்ஷ்டிட்சாவைக் களமாகக் கொண்டது. ஹாஜி கென்சோ, லிபென் தாத்தா ஆகிய இரு முதியவரின் நட்பும் பிணக்கும் பிள்ளைகளின் காதலும் அதன் பொருள். வீட்டையும் சொத்தையும் ஊர்ப் பெருமையையும் கட்டிக்கொண்டு, தம் மதிலுக்கு அப்பால் உலகம் உண்டு என்பதையே மறந்துவிட்ட மனிதரை அவர் எள்ளி நகையாடுகிறார். எனினும் அந்த நகைப்பில் வெறுப்பு இல்லை. தான் உண்டு வளர்ந்த வீட்டை நோக்கி எறியப்படும் கல் அது. எறிபவனின் கை சற்றே தளர்ந்திருப்பது தெரிகிறது. எள்ளலும் பாசமும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்பதே அக்கதையின் சிறப்பு என்பது எனது கருத்து.

கவனிக்க வேண்டியது யாதெனில், கரவெலொவின் வீடும் ஒஸ்லெகொவின் வீடும் ஒரே நிருவாகத்தின் கீழ், ஒரே நுழைவுச் சீட்டில், ஒரே தேசிய மறுமலர்ச்சியின் இரு சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. ஏளனஞ் செய்தவனும் செய்யப்பட்டவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுவிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1878 வரையான காலத்தைப் பல்கேரியர் மறுமலர்ச்சிக் காலம் என்பர். பள்ளிக்கூடம், தேவாலயம், அச்சு நூல், வணிகன் வீடு, புரட்சியாளன் வாள் யாவும் இப்பெயரின் கீழ் வந்துவிடும். சோஷலிச ஆட்சியின்போதும் இச்சட்டகம் மாறவில்லை. வர்க்கப் போராட்டத்தைத் தன் கொள்கையாக அறிவித்த அரசொன்று, 1952இல், வணிகச் செல்வரின் வீடுகளைத் தேசத்தின் பொதுச் சொத்தாகப் பேண முன்வந்தது பாராட்டத்தக்கதே. அவ்வீடுகளில் வர்க்க முரண்பாட்டைத் தெளிவாகக் காட்ட அது ஏன் தயங்கியது என்பது ஆராயத்தக்கது.

1876ஐ நோக்குவோம். எழுச்சி மே மாதத் தொடக்கத்தில் நிகழ்வதாகவே திட்டமிடப்பட்டிருந்தது. ஒபொரிஷ்டெ என்னும் இடத்திற் கூடிய பிரதிநிதிகளுள் ஒருவன் காட்டிக்கொடுத்தமையால், பழைய நாட்காட்டியின்படி ஏப்ரல் 20ஆம் திகதி கொப்ரிவ்ஷ்டிட்சாவில் அது முந்தி வெடித்தது. ஆற்றின் சிறு கற்பாலமொன்றின் அருகே முதல் வேட்டு தீர்க்கப்பட்டது. பாலம் இன்றும் அவ்வேட்டின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கொல்லப்பட்ட ஒட்டோமன் காவலாளியின் குருதியால் ஒப்பமிட்டு தொடொர் கப்லெஷ்கொவ் அயலூரான பனகியுரிஷ்டெக்கு அனுப்பிய கடிதம் ‘குருதிக் கடிதம்’ என வரலாற்றில் நிலைபெற்றது. அவர் பிறந்த வீடு, 1845இற் கட்டப்பட்ட அழகிய மாளிகை, எழுச்சி பற்றிய காட்சியகமாக உள்ளது.

சில நாட்களில் எழுச்சி நசுக்கப்பட்டது. பனகியுரிஷ்டெ எரிந்தது. கிளிசுரா எரிந்தது. கொப்ரிவ்ஷ்டிட்சா எரியவில்லை. ‘சொர்பஜி’ எனப்பட்ட ஊர்ப் பெருந்தனக்காரர் எழுச்சியாளரைப் பிடித்துக் கட்டி, ஒட்டோமன் படையினருக்கும் ஒழுங்கற்ற கூலிப்படையினருக்கும் பெருந்தொகை பணமும் பொருளும் கொடுத்து ஊரை மீட்டனர். ஆகவே இன்று நாம் வியந்து பார்க்கும் தூண்களும் மாடங்களும் ஓவியங்களும், எழுச்சி தொடங்கிய ஊரில் எழுச்சியைக் கைவிட்டமையால் எஞ்சியவை. போராடி நின்ற ஊர்கள் சாம்பலாயின. அவ்வூர்களில் காட்டுவதற்கு இத்தகைய வீட்டு வரிசை இல்லை. இவ்வுண்மை மறைக்கப்பட்டது எனக் கூறமுடியாது. எழுச்சியிற் பங்குபற்றிய முன்னாள் ஆட்டிடையரான ஸஹாரி ஸ்தொயானொவ், 1884 முதல் வெளிவந்த தமது எழுச்சி பற்றிய குறிப்புகளில் சொர்பஜிகளைக் கடுமையாகச் சாடியுள்ளார். ஆனால் நூலில் உரத்துச் சொல்லப்பட்ட ஒன்று, வீட்டினுள்ளே தாழ்ந்த குரலாகிவிடுகிறது. ‘இவ்வீடு இங்கே நிற்பதற்குக் காரணம் இது’ என்ற ஒரு வாசகத்தைத் தாங்கும் வாயிற்படி எதனையும் நான் காணவில்லை.

இவ்விடத்தில் எமது விமர்சன மரபு நேராகத் தீர்ப்புக்குச் சென்றுவிடும் இயல்புடையது. செல்வர் துரோகம் செய்தனர், வறியோர் போராடினர் என்று எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் கொப்ரிவ்ஷ்டிட்சா அதற்கு இடந்தரவில்லை. குருதிக் கடிதம் எழுதிய கப்லெஷ்கொவ் யார்? வசதியும் கல்வியும் வாய்ந்த குடும்பத்தின் பிள்ளை. தோல்விக்குப் பின் மலைகளில் அலைந்து, பிடிபட்டு, சித்திரவதைக்குள்ளாகி, கப்ரொவோ நகரில் 25 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். ஒஸ்லெகொவ் யார்? சமச்சீர் வீட்டைச் சுவரில் எழுதி மகிழ்ந்த அதே வணிகர், எழுச்சியாளருக்கான உடைகளைத் தைப்பித்துக் கொடுத்தவர். அவ்வெழுச்சியின் பொருட்டே உயிரிழந்தவர். மறுபுறம், கெயொர்கி பென்கொவ்ஸ்கி என்ற புனைபெயரை ஒரு போலந்துக்காரரின் கடவுச்சீட்டிலிருந்து பெற்ற கவ்ரில் ஹ்லாதெவ், எளிய குடும்பத்தில் பிறந்து தையல் பழகி, அபா விற்று, கிழக்கத்திய நகரங்களில் அலைந்த மனிதர். எழுச்சியின் குதிரைப்படையை நடத்தி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒரே மதிலுக்குள் துரோகமும் தியாகமும் குடியிருந்தன.

வர்க்க ஆய்வு இங்கு பயனற்றது என்பதன்று என் வாதம். அபா வணிகம் ஒட்டோமன் சந்தையோடும் இராணுவத் தேவைகளோடும் பிணைந்திருந்தது. பேரரசு சிதைந்தால் சந்தையும் சிதையும் என்பதைச் சொர்பஜிகள் நன்கு உணர்ந்திருந்தனர். அவர்கள் அஞ்சியது வீணன்று. 1878இல் விடுதலை வந்ததும் நிகழ்ந்தது அதுவே: பழைய சந்தைகள் துண்டிக்கப்பட்டன, ஆலைத் துணி கைத்தறியை வென்றது, செல்வர் சோபியாவுக்கும் பிளவ்திவுக்கும் குடிபெயர்ந்தனர், ஊர் தேய்ந்தது. புதிய மூலதனம் வந்து பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டாமைக்கும் இத்தேய்வே காரணம். எனவே இந்நூதனசாலை நகரம் இருமுறை காப்பாற்றப்பட்டது எனலாம்: முதலில் பணத்தால், பின்னர் பணமின்மையால். வர்க்க ஆய்வு இத்தகைய கூட்டு நடத்தைகளை விளக்கும். ஆனால் ஒஸ்லெகொவ் என்ற தனிமனிதன் தன் வர்க்க நலனுக்கு மாறாக ஏன் துணி கொடுத்தான் என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. அந்த இடைவெளியை மூடிவிடாமல் காட்டுவதே நல்ல நூதனசாலையின் கடமை. நல்ல இலக்கியத்தின் கடமையும் அதுவே. கரவெலொவ் அதனை அறிந்திருந்தார்.

கொப்ரிவ்ஷ்டிட்சா வீடுகளைக் காட்டுகிறது என்றால், தெற்கே ரொடோப் மலையிலுள்ள பத்தாக் என்னும் ஊர் எலும்புகளைக் காட்டுகிறது. அதே எழுச்சியில் அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டனர். 1813இற் கட்டப்பட்ட சிறு தேவாலயத்தினுள் அடைக்கலம் புகுந்தோர் நாட்கணக்கில் எதிர்த்து நின்று மாண்டனர். அங்கு மண்டையோடுகள் இன்றும் காட்சிக்கு உள்ளன. மெகாகன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் லண்டன் ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்கு எழுதிய மடல்களும், 1876 செப்டெம்பரில் கிளாட்ஸ்ரன் வெளியிட்ட பிரசுரமும் அக்கொலையை உலகறியச் செய்தன. இறந்தோர் தொகையை அமெரிக்கத் தூதரக அலுவலர் ஷைலரும் பிரித்தானிய அலுவலர் பேரிங்கும் 5000 அளவில் மதிப்பிட்டனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனைக் குறைத்து மதிப்பிடுவர். எவ்வாறாயினும் கொலை நிகழ்ந்ததில் ஐயமில்லை. கொன்றவர்களுக்குத் தலைமை தாங்கிய அகமத் ஆகா பாருத்தின் என்னும் அயலூரைச் சேர்ந்தவர். அப்படையினருட் பலர் துருக்கியர் அல்லர். பல்கேரிய மொழியையே தாய்மொழியாகப் பேசும் ‘பொமாக்’ முஸ்லிம்கள். ஒரே மலை, ஒரே மொழி, ஒரே மேய்ச்சல் நிலம், இரு வேறு மதம். ‘துருக்கி நுகத்தடி’ என்ற ஒற்றைத் தொடருக்குள் இதனை அடக்கிவிடும்போது, அயலான் எவ்வாறு அயலானைக் கொல்லும் நிலைக்கு வருகிறான் என்ற வினா அடங்கிவிடுகிறது.

அவ்வினாவின் ஓரத்தைத் தொட்டவர்களுக்கு நேர்ந்ததை 2007ஆம் ஆண்டு காட்டியது. மார்த்தினா பாலெவா என்னும் கலை வரலாற்றாசிரியரும் உல்ஃப் புருன்பாவர் என்னும் வரலாற்றாசிரியரும், பத்தாக் பற்றிய நினைவு எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பது குறித்துச் சோபியாவில் ஒரு மாநாட்டையும் கண்காட்சியையும் நடத்தத் திட்டமிட்டனர். போலந்து ஓவியரான அந்தோனி பியோத்ரொவ்ஸ்கி 1892இல் காட்சிப்படுத்திய ஓவியமே அக்கொலையைப் பல்கேரியரின் மனக்கண்ணில் நிலைநாட்டியது என்பதும், புகழ்பெற்ற ஒளிப்படங்கள் சில அவ்வோவியத்தின் தேவைக்காகப் பின்னர் எடுக்கப்பட்டவை என்பதும் பாலெவாவின் வாதம். ‘தொன்மம்’ என்ற ஆய்வுச் சொல் ‘பொய்’ எனப் பொருள்கொள்ளப்பட்டது. சனாதிபதி முதலாகப் பலரும் கண்டித்தனர், மாநாடு கைவிடப்பட்டது, ஆய்வாளருக்கு அச்சுறுத்தல்கள் விடுக்கப்பட்டன. கொலையை மறுக்காத ஒருவர், கொலையின் படத்தை ஆராய்ந்தமைக்காகக் கொலையை மறுத்தவராகக் காட்டப்பட்டார். ஓவியத்தை ஓவியமாகப் பார்க்கும் உரிமையைக் கலை வரலாற்றாசிரியருக்கே மறுப்பது, எலும்புகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதேவேளை, தம் பாட்டன் பாட்டியின் எலும்பு கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் ஊரில் ‘தொன்மம்’ என்ற சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எண்ணிப்பாராத புலமையையும் குறைகூறாதிருக்க முடியாது. 2011இல் பத்தாக்கில் மாண்டோரைப் பல்கேரிய மரபுவழித் திருச்சபை புனிதர்களாக அறிவித்தது. அதன் பின் அவ்வெலும்புகள் வரலாற்றுச் சான்றா, வழிபாட்டுப் பொருளா என்ற வினா மேலும் சிக்கலாகிவிட்டது.

இவற்றையெல்லாம் வெறும் நூதனசாலைச் சர்ச்சை எனத் தள்ள முடியாமைக்குக் காரணம் ஒரு சொல். பொமாக் மக்களின் பெயர்கள் 1912–13 பால்கன் போர்க் காலத்தில் பலவந்தமாக மாற்றப்பட்டன. 1970களின் முற்பகுதியில் மீண்டும் மாற்றப்பட்டன. 1984 டிசெம்பர் தொடக்கம் பல்கேரியாவின் துருக்கியச் சிறுபான்மையினர் மீது அதே நடவடிக்கை ஏவப்பட்டது. இலட்சக்கணக்கானோர் தம் பெயரைக் கைவிட்டுச் சிலாவியப் பெயரை ஏற்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். பொது இடத்தில் துருக்கி மொழி பேசுவது தடைசெய்யப்பட்டது. எதிர்த்தோர் சிறையிடப்பட்டனர், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1989 கோடையில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை கடந்து துருக்கி சென்றனர். இந்நடவடிக்கைக்கு அரசு சூட்டிய பெயர் ‘மறுமலர்ச்சி நடைமுறை’ என்பது. ஒஸ்லெகொவின் வீட்டுக்கும் கரவெலொவின் எழுத்துக்கும் சூட்டப்பட்ட அதே சொல். துருக்கியர் என ஓர் இனம் இங்கில்லை, மதம் மாற்றப்பட்ட பல்கேரியரே உள்ளனர், அவர்களுக்கு அவர்தம் மெய்யான அடையாளத்தை மீட்டுத் தருகிறோம் என்று சொல்வதற்கு அச்சொல் வாய்ப்பாக இருந்தது. பல்கேரிய நாடாளுமன்றம் 2012 ஜனவரியில் இந்நடவடிக்கையைக் கண்டித்துப் பிரகடனம் நிறைவேற்றியது.

வீடுகளைப் பேணிய அரசும் பெயர்களைப் பறித்த அரசும் ஒன்றே. அது சோஷலிச அரசு என்பதை முற்போக்காளர் வசதியாக மறந்துவிடக்கூடாது. சோஷலிச நாடுகளில் தேசிய இனப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என நம்பியவர் எமக்குள்ளும் இருந்தனர். அந்நம்பிக்கை தீய நோக்கிற் பிறந்ததன்று. ஆனால் பண்பாட்டுப் பேணலைக் கண்டு மயங்கியவர்கள் எவருடைய பண்பாடு பேணப்படுகிறது எனக் கேட்கவில்லை. நிலப்பிரபுத்துவ ஒடுக்குமுறைக்கு எதிரான எழுச்சி என்று வரைவிலக்கணஞ் செய்யப்பட்ட 1876, சிறிது சிறிதாக ஓர் இனம் இன்னோர் இனத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த கதையாகச் சுருங்கியபோது, அச்சுருக்கத்துக்கு நூதனசாலைகள் காட்சி வடிவம் தந்தன. வணிகனின் வர்க்க நலன் கண்ணாடிக்கு வெளியே வைக்கப்பட்டமைக்கும் பொமாக் அயலானின் மொழி சொல்லப்படாது விடப்பட்டமைக்கும் தொடர்பு உண்டு என்பது எனது துணிபு. தேசம் முரண்பாடற்ற ஒரே உடலாகத் தோன்ற வேண்டுமாயின், அதனுள்ளே செல்வனும் வறியவனும் இருத்தல் ஆகாது. அதன் மொழியைப் பேசும் வேற்று மதத்தவனும் இருத்தல் ஆகாது.

இறுதியாக ஒரு சிறு வீடு. கவிஞர் திம்சோ தெபெலியானொவ் (1887–1916) பிறந்த வீடு மாடியற்றது, தந்தை தையற்காரர். தந்தை 1896இல் இறந்தபின் குடும்பம் பிளவ்திவுக்குச் சென்றுவிட்டது. ஆகவே இவ்வீடு அவருடைய குழந்தைப் பருவத்தின் ஒன்பது ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. பின்னர் சோபியாவில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வறுமையில் உழன்றவர், தந்தையின் வீட்டுக்குத் திரும்பும் ஏக்கத்தைப் பல்கேரிய மொழியின் மிகப் புகழ்பெற்ற இரங்கற்பாக்களுள் ஒன்றாக வடித்தார். வீட்டில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மற்ற வீடுகளில் பொருள்கள் நிறைந்திருக்க, இங்கு வெறுமையே காட்சிப்பொருளாக உள்ளது. வாழ்ந்தவனைக் காட்டிலும் வாழ முடியாது போனவனைப் பற்றிய நூதனசாலை இது.

முதலாம் உலகப் போரில், தானாகவே முன்வந்து போர்முனைக்குச் சென்ற அவர், 1916 ஒக்டோபரில் மக்கெடோனியப் போர்முனையில் தெமிர் ஹிசாருக்கு அண்மையில் கொல்லப்பட்டார். 1931இல் அவருடைய எச்சங்கள் கொப்ரிவ்ஷ்டிட்சாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கல்லறையின் மேல் சிற்பி இவான் லாசரொவ் செதுக்கிய தாயின் சிலை உள்ளது. முக்காடிட்ட முதியவள் ஒருத்தி, கையில் முகந் தாங்கி, வாயிலைப் பார்த்து அமர்ந்திருக்கிறாள். மகன் மாண்டது தன் ஊரைக் காக்க அன்று. அயல் நாட்டு மண்ணைக் கைப்பற்றி நிறுத்தும் போரில். அதனைச் சிலை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. தேவாலய முற்றத்தில் அதன் முன்னே நின்றிருந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஆசிரியை கவிஞரின் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சரியாகவே சொன்னார்கள்.